அஞ்சு ப்ராஜெக்ட், அஞ்சு யூட்டில்ஸ் ஃபைல்: எல்லாத்தையும் ஒரே லைப்ரரிக்குள்ள கொண்டு வர்றது எப்படி?

கோவை_பில்லிங்:

வணக்கம்ங்க. நாங்க ஆறு பேர் டீம், மொத்தம் அஞ்சு பைத்தான் ப்ராஜெக்ட் பாத்துக்கறோம், மூணு ஜாங்கோ, ஒண்ணு ஃப்ளாஸ்க் (ரெண்டும் வெப் ஃப்ரேம்வொர்க்), இன்னொண்ணு ராத்திரி க்ரான்ல, அதாவது குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற ரிப்போர்ட் ஸ்க்ரிப்ட்டுங்க. முதல் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சப்போ யூட்டில்ஸ்னு, அடிக்கடி தேவைப்படற சின்ன ஃபங்ஷனுக்கெல்லாம் ஒரு ஃபைல் போட்டோம், ரூபாய்க்கு லட்சம் கோடி கணக்குல கமா போடறது, போன் நம்பர் சரிபாக்கறது, நிதியாண்டு கண்டுபிடிக்கறது, வரியை ரவுண்ட் பண்றது எல்லாம் அதுலதான். அடுத்த ப்ராஜெக்ட் வந்தப்போ அந்த ஃபைலை அப்படியே காப்பி பண்ணிக்கிட்டோம், அதுக்கடுத்ததுக்கும் அதே. இப்ப அஞ்சு இடத்துல அஞ்சு ஃபைல், ஃபங்ஷன் பேரெல்லாம் ஒண்ணு, உள்ள இருக்கறது வேற வேற.

போன மாசம் ஒரு கஸ்டமரோட ஆடிட்டர் போன் பண்ணாரு, பில்லுல ஒரு தொகை, மாச ரிப்போர்ட்ல இன்னொரு தொகை வருதுங்கன்னு. பாத்தா ரெண்டு ரூபா வித்தியாசம். ரெண்டு ரூபாதானேன்னு விட முடியாது, அவரு கணக்கு டேலி ஆகணும். நானும் இன்னொருத்தரும் உக்காந்து தேடினோம். 1,250 ரூபா சரக்கு, சிஜிஎஸ்டி (ஜிஎஸ்டில மத்திய அரசு பங்கு) 9 சதவீதம் 112.50, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு) 9 சதவீதம் 112.50. பில்லிங் கோட் 113, 113னு போட்டிருக்கு. ரிப்போர்ட் ஸ்க்ரிப்ட் 112, 112னு போட்டிருக்கு. ஏன்னா அதுல பைத்தானோட சாதாரண ரவுண்ட் இருக்கு, அது சரிபாதி வந்தா பக்கத்துல இருக்கற இரட்டை எண்ணுக்குத்தான் போகும், 112.5 வந்தா 112. அதே 1,350 ரூபா சரக்குன்னா வரி 121.50, ரெண்டு கோடும் 122ன்னு ஒண்ணா சொல்லிடும். சில பில்லுல சரியா வருது சில பில்லுல இடிக்குது, அதனாலதான் இத்தனை நாள் யார் கண்ணுலயும் படல. சிஜிஎஸ்டி சட்டம் 170வது பிரிவு 50 பைசாவோ அதுக்கு மேலயோ இருந்தா அடுத்த ரூபாய்க்கு ஏத்தணும்னு தெளிவா சொல்லுது, அப்ப பில்லு சரி, ரிப்போர்ட்தான் தப்பு.

எனக்கு வேதனையா இருந்தது என்னன்னா, இந்த தப்பை எங்க டீம்லயே ஒருத்தர் ஒன்றரை வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சு டெசிமல் (பைத்தான்ல தசம எண்ணைத் துல்லியமா வெச்சுக்கற வகை) போட்டு பில்லிங்ல சரி பண்ணியிருக்காரு. கமிட் மெசேஜ், அதாவது கிட்ல மாற்றத்தைச் சேக்கறப்போ எழுதற குறிப்புகூட நல்லா எழுதியிருக்காரு. அது மத்த நாலு காப்பிக்குப் போகவே இல்ல.

இப்ப எல்லாத்தையும் ஒரே லைப்ரரியா ஆக்கலாம்னு மேல அனுமதி வாங்கிட்டேன். அஞ்சு ஃபைலையும் சேத்து எண்ணினா 63 ஃபங்ஷன் வருது. எதை உள்ள எடுக்கறது, எதை விடறது? கிட் சப்மாட்யூலா (ஒரு ரெப்போக்குள்ள இன்னொரு ரெப்போவை ஒரு கமிட்ல இணைக்கறது), பிப் பேக்கேஜா (பைத்தானோட பிப் டூலால இன்ஸ்டால் பண்றது), இல்ல எல்லாத்தையும் ஒரே ரெப்போல (கோட் வைக்கற கிட் களஞ்சியம்) போட்டுடலாமா? ஒரு இடத்துல மாத்தினா மத்த நாலும் உடையாம இருக்க என்ன பண்றீங்க? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

பழைய_சி_ஆளு:

தம்பி, பேக்கேஜ் செய்யறது ஒருநாள் வேலை, அதுல முதல்ல கை வைக்காதீங்க. 63 பேரையும் ஒரு ஷீட்ல எழுதி ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அது எந்தெந்த ப்ராஜெக்ட்ல நிஜமாவே கால் ஆகுதுன்னு தேடி எழுதுங்க. நான் இதே மாதிரி ரெண்டு கம்பெனில பண்ணிருக்கேன், ரெண்டு தடவையும் கால்வாசி ஃபங்ஷனை யாருமே கூப்பிடல. அதையெல்லாம் அழிச்சுடுங்க, பாவம் பாக்காதீங்க, கிட்ல இருக்கு எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

அடுத்து, வெளிய ஏற்கனவே நல்லா செஞ்சு வெச்சதை நீங்க திரும்ப சுமக்க வேண்டாம். போன் நம்பருக்கு கூகுளோட லிப்ஃபோன்நம்பரை பைத்தானுக்கு கொண்டு வந்த ஃபோன்நம்பர்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு. முன்னாடி சைபர், ப்ளஸ் 91, நடுவுல ஸ்பேஸ், கோடு, எது எப்படி வந்தாலும் அது பாத்துக்கும். ரூபாய் கமாவுக்கு பேபெல்னு பைத்தான் லைப்ரரி இருக்கு, இந்தியா லொகேல் (நாடு, மொழிக்கு ஏத்த அமைப்பு) கொடுத்தா 12,34,567ன்னு சரியா போடும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட லொகேலை நம்பி எழுதியிருந்தீங்கன்னா அதை மாத்திடுங்க, உங்க லேப்டாப்ல ஓடும், சர்வர்ல ஓட்டற டாக்கர் ஸ்லிம் இமேஜ்ல (குறைஞ்ச ஃபைலோட பேக் பண்ண சூழல்) அந்த லொகேலே இருக்காது, அங்க போய் விழும். டைம்சோனுக்கு பைத்தான் 3.9லேர்ந்து சோன்இன்ஃபோ கூடவே வருது.

ஆனா சின்ன சின்ன வேலைக்கெல்லாம் வெளிய கை நீட்டவும் கூடாது. 2016 மார்ச்ல என்பிஎம்ல (ஜாவாஸ்க்ரிப்ட்டோட பொது பேக்கேஜ் கிடங்கு) லெஃப்ட்-பேட்னு ஒரு பேக்கேஜை எழுதினவர் எடுத்துட்டாரு, மொத்தமே 11 வரி, ஒரு ஸ்ட்ரிங்குக்கு இடது பக்கம் இடம் விட்டு நிரப்பற வேலை. அதை நம்பி பேபெல் இருந்துச்சு (இது ஜாவாஸ்க்ரிப்ட் கம்பைலர் பேபெல், நான் மேல சொன்னது வேற), அதை நம்பி உலகம் பூரா ப்ராஜெக்ட் இருந்துச்சு, எல்லாத்தோட பில்டும் நின்னுச்சு. அடுத்த வருஷமே ஜாவாஸ்க்ரிப்ட் மொழியிலயே பேட்ஸ்டார்ட்னு அந்த வசதி வந்துருச்சு. மொழி கூடவே வர்ற லைப்ரரியை முதல்ல பாருங்க, அப்புறம் பலபேர் பாத்துக்கற பெரிய லைப்ரரி, அதுலயும் இல்லன்னாதான் சொந்தமா எழுதறது.

மிச்சம் இருக்கறதுதான் உங்க லைப்ரரிக்கு வேட்பாளர். அதுலயும் ஒண்ணு பாக்கணும், பாக்க ஒண்ணா இருந்தா போதாது, அர்த்தமும் ஒண்ணா இருக்கணும். வரி ரவுண்டிங் அஞ்சு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரே சட்டம், அது மாறினா எல்லா இடத்துலயும் சேந்தே மாறியாகணும், அது கண்டிப்பா உள்ள வரணும். ஆனா பில்லிங்ல ஒரு டிஸ்கவுண்ட் கணக்கும் டெலிவரில ஒரு டிஸ்கவுண்ட் கணக்கும் இன்னைக்கு ஒரே மாதிரி அஞ்சு வரியா இருந்தாலும், நாளைக்கு டெலிவரிக்காரங்க தூரத்தை வெச்சு மாத்தச் சொல்லுவாங்க, பில்லிங்காரங்க பழைய கஸ்டமருக்குன்னு மாத்தச் சொல்லுவாங்க. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்கன்னா அந்த ஃபங்ஷனுக்கு ஒவ்வொரு ஃப்ளாகா முளைக்கும், ரெண்டு வருஷத்துல அதைத் தொடவே எல்லாரும் பயப்படுவாங்க. அந்த மாதிரி இருந்தா ரெண்டு காப்பியாவே இருக்கட்டும். கோ மொழியை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான ராப் பைக் 2015ல ஒரு டாக்ல இதையேதான் சொன்னாரு, சின்ன டிபெண்டன்சியைச் சுமக்கறதுக்கு கொஞ்சம் காப்பி பண்ணிக்கறது மேல்னு.

இன்னொண்ணு, ஜிஎஸ்டி ரேட்டை லைப்ரரி கோடுக்குள்ள எழுதி வெச்சிருந்தா வெளிய எடுங்க. 2025 செப்டம்பர் 22 அன்னைக்கு 12, 28 ஸ்லாப் எடுத்து 5, 18, 40ன்னு மாத்துனப்போ எங்க நண்பர் டீம் ராத்திரி முழுக்க அஞ்சாறு ப்ராஜெக்ட்டை திரும்ப டெப்ளாய் பண்ணிட்டு இருந்தாங்க. ரவுண்ட் பண்ற முறை கோட், ரேட் டேட்டா. ரேட்டு டேபிள்ல இருக்கணும், எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும்னு ரெண்டு காலமோட.

மடிப்பாக்கம்_டெவ்:

அண்ணா சொன்னது எல்லாமே சரி, நான் ஒண்ணு சேக்கறேன், நாங்க அடிபட்டு கத்துக்கிட்டது. நீங்க நிதியாண்டு கண்டுபிடிக்கற ஃபங்ஷன்னு எழுதியிருந்ததைப் பாத்ததும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. எங்க காமன் லைப்ரரிலயும் அது இருந்துச்சு, ஆர்க்யுமென்ட்டே (வெளிலேர்ந்து கொடுக்கற மதிப்பு) கிடையாது, உள்ளயே இப்ப என்ன தேதின்னு கேட்டுக்கிட்டு மாசம் ஏப்ரல் அல்லது அதுக்கு மேலன்னா இந்த வருஷம், இல்லன்னா போன வருஷம்னு சொல்லிடும். எங்க எல்லார் லேப்டாப்லயும் சரியா வந்துச்சு. சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி) ஓடுது. ஏப்ரல் 1 ராத்திரி 12 மணி 10 நிமிஷத்துக்கு ஒருத்தர் பில்லு போட்டாரு, சர்வருக்கு அப்போ மார்ச் 31 சாயங்காலம் 6.40. புது நிதியாண்டு பில்லுக்கு பழைய ஆண்டு வரிசை நம்பர் விழுந்துருச்சு. காலைல 5.30க்கு மேலதான் தானா சரியாச்சு, அதுக்குள்ள 38 பில்லு போயிருச்சு, ஒவ்வொண்ணா ரத்து பண்ணி புதுசா போட்டோம். பில்லிங் ஆஃபீஸ்ல இருந்த அக்கா அன்னைக்கு சாப்பிடக்கூட போகல, அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

அதனால நான் எங்க டீம்ல புதுசா வர்ற யாருக்கும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன், லைப்ரரில இருக்கற ஃபங்ஷன் கடிகாரத்தைப் பாக்கக்கூடாது, செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கக்கூடாது, டேட்டாபேஸைத் தொடக்கூடாது. தேதி வேணும்னா கூப்பிடறவங்க கொடுக்கட்டும். கொடுக்கற தேதில டைம்சோன் இல்லன்னா உடனே எர்ரர் அடிச்சு நிறுத்தணும், ஊகம் பண்ணக்கூடாது. உங்களுக்கு மூணு ஜாங்கோ, ரெண்டு வெளில இருக்கு, காமன் கோட்ல ஒரே ஒரு இடத்துல ஜாங்கோ செட்டிங்ஸை இம்போர்ட் பண்ணாலும் அந்த ராத்திரி ஸ்க்ரிப்ட் எந்திரிக்காது.

அப்புறம் ஒரு இடத்துல மாத்தினா மத்தது உடையுமான்னு கேட்டீங்க இல்ல, உடையும், நீங்க நினைக்காத இடத்துலதான் உடையும். போன் நம்பர் தப்பா இருந்தா எங்க ஃபங்ஷன் காலி ஸ்ட்ரிங் கொடுத்துட்டு இருந்துச்சு. அது அழகா இல்லன்னு நான்தான் நன் (None, பைத்தான்ல மதிப்பு எதுவும் இல்லன்னு அர்த்தம்) கொடுக்கற மாதிரி மாத்தினேன், எந்த டாக்குமெண்ட்லயும் காலி ஸ்ட்ரிங் வரும்னு சொல்லல, அதனால தப்பில்லன்னு நினைச்சேன். டெலிவரி டீம் அதை அப்படியே லேபிள்ல ஒட்டி பிரிண்ட் பண்ணிட்டு இருந்தாங்க. அடுத்த நாள் பார்சல் மேல போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல None-ன்னு அச்சாகி போயிருக்கு. கூகுள்ல இருந்த ஹைரம் ரைட் பேர்ல ஒரு விதியே சொல்லுவாங்க, நீ என்ன வாக்கு கொடுத்தேங்கறது முக்கியமில்ல, ஆளுங்க கூடிட்டா உன் கோட் வெளிய காட்டற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருத்தர் நம்பிட்டுதான் இருப்பாங்கன்னு. அன்னைக்குதான் எனக்கு அது உறைச்சது.

இப்ப நாங்க பழைய ஃபங்ஷனை மாத்தறதே இல்ல. புது பேர்ல புது ஃபங்ஷன், பழசுல டெப்ரிகேஷன் வார்னிங், அதாவது இது சீக்கிரம் போயிடும்ங்கற எச்சரிக்கை. ஆனா பைத்தான் அந்த வார்னிங்கை சாதாரணமா மறைச்சுடும், பைடெஸ்ட்ங்கற டெஸ்ட் டூலை ஓட்டறப்போதான் காட்டும். அதனால எங்க எல்லா ப்ராஜெக்ட்டோட சிஐலயும் (கோட் மாறினா தானா டெஸ்ட் ஓட்டற அமைப்பு) அந்த வார்னிங் வந்தா பில்டு விழற மாதிரி வெச்சிருக்கோம். எல்லாரும் மாறிட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் பழசை எடுப்போம், அப்ப வெர்ஷன் 1லேர்ந்து 2 ஆகும்.

ஒரே_ரெப்போ:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். ஆறு பேர், அஞ்சு ப்ராஜெக்ட், இதுக்கு எதுக்கு பேக்கேஜ், வெர்ஷன், டெப்ரிகேஷன் எல்லாம்? அஞ்சையும் ஒரே கிட் ரெப்போல போட்டு பக்கத்துல காமன்னு ஒரு ஃபோல்டர் வெச்சுடுங்க. ஃபங்ஷனை மாத்தறவங்களே அதே கமிட்ல அஞ்சு ப்ராஜெக்ட்டையும் சரி பண்ணணும், அஞ்சோட டெஸ்ட்டும் ஓடி பச்சை வந்தாத்தான் மெர்ஜ், அதாவது மெயின் கோடோட சேக்கறது. அந்த நன் லேபிள் பிரச்சினை அங்கயே மாட்டியிருக்கும். கூகுள் 2016ல ஒரு கட்டுரைல அவங்க கோட்ல பெரும்பகுதி, சுமார் 200 கோடி வரி, ஒரே ரெப்போலதான் இருக்குன்னு எழுதினாங்க. அவங்க டூல் எல்லாம் வேற லெவல், நமக்கு அது தேவையுமில்ல.

சப்மாட்யூல் மட்டும் வேண்டாம்ங்க, ஒருத்தர் அப்டேட் பண்ண மறந்து பழைய கமிட்லயே நின்னுட்டு இருப்பாரு, அது திரும்ப அஞ்சு காப்பிதான்.

மடிப்பாக்கம்_டெவ்:

அஞ்சும் ஒரே நாள்ல டெப்ளாய் ஆகும்னா நீங்க சொல்றது சரி. அவங்களுக்கு ராத்திரி ஸ்க்ரிப்ட் வேற சர்வர்ல பழைய பைத்தான்ல ஓடுதுன்னா கஷ்டம். அப்புறம் லேபிள் பிரிண்ட்டுக்கு டெஸ்ட் இருந்தாத்தானே மாட்டும், எங்ககிட்ட அப்ப அதுக்கு டெஸ்ட்டே இல்ல.

கோவை_பில்லிங்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஆமாங்க ஸ்க்ரிப்ட் சர்வர் கஸ்டமர் இடத்துல இருக்கு, அதை நாங்க நினைச்ச நேரத்துல மாத்த முடியாது, அதனால பேக்கேஜ் வழிலதான் போகணும்னு நினைக்கறேன். தனியா ஒரு பிப் சர்வர் வெச்சுக்கணுமா? பேர் காமன்யூட்டில்ஸ்னு வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம்.

பழைய_சி_ஆளு:

சர்வர் வேண்டாம் தம்பி. கிட் ரெப்போல டேக் (ஒரு குறிப்பிட்ட வெர்ஷனுக்கு வைக்கற பேர்) போடுங்க, ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல அந்த ரெப்போவையும் டேகையும் குறிச்சா பிப் நேரா அங்கேர்ந்தே எடுத்துக்கும். மெயின் பிராஞ்சைக் குறிக்காதீங்க, டேக் மட்டும்.

பின்னாடி சொந்த சர்வர் வெச்சா ஒரு ஆபத்தை மனசுல வெச்சுக்கங்க. பிப்ல எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ்னு உங்க சர்வரை சேத்தா அது பைத்தானோட பொது பேக்கேஜ் கிடங்கான பைபிஐயையும் உங்க சர்வரையும் ஒரே தட்டுலதான் வெச்சுப் பாக்கும், எங்க வெர்ஷன் நம்பர் பெருசோ அதை எடுத்துக்கும். உங்க பேக்கேஜ் பேரை யாராவது தெரிஞ்சுக்கிட்டு அதே பேர்ல 99.0ன்னு வெளிய போட்டா உங்க சர்வருக்குள்ள அவங்க கோட் வந்து ஓடும். 2021ல அலெக்ஸ் பிர்சான்கற செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் இதே வழில 35க்கு மேல பெரிய கம்பெனிங்களுக்குள்ள போய்க் காட்டினாரு.

பேரு விஷயத்துல நான் கண்டிப்பா சொல்லுவேன், காமன் வேண்டாம், யூட்டில்ஸ் வேண்டாம். அந்தப் பேர் இருந்தா எதை வேணும்னாலும் உள்ள போடலாம், யாரும் தடுக்க முடியாது. வீட்டுல பரண் மாதிரி ஆயிடும். வரிக்கு ஒரு மாட்யூல், தேதிக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணு. புதுசா ஒரு ஃபங்ஷன் வந்து எந்த மாட்யூல்லயும் உக்காரலன்னா அது லைப்ரரிக்கு உரியது இல்லன்னே வெச்சுக்கங்க.

எழுத்து_எண்ணி:

ஒண்ணு சேத்துக்கங்க. கஸ்டமருக்கு தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பறீங்கன்னா வெட்டற ஃபங்ஷன் இருக்கும், பாருங்க. தமிழ் எஸ்எம்எஸ் ஒண்ணுக்கு 70தான், இங்கிலீஷ் மாதிரி 160 இல்ல. வணக்கம்ங்கற வார்த்தை நமக்கு அஞ்சு எழுத்து, பைத்தானுக்கு ஏழு கோட்பாயிண்ட், புள்ளியெல்லாம் தனியா எண்ணும். ஆறுல வெட்டினா கடைசி புள்ளி போய் வணக்கமன்னு நிக்கும். ஓபன்-தமிழ் லைப்ரரில எழுத்து எழுத்தா பிரிச்சுக் கொடுக்கற ஃபங்ஷன் இருக்கு, அதை எடுத்துக்கங்க. எங்க ஆஃபீஸ்ல நாலு பேர் நாலு விதமா இதை எழுதி நாலுமே தப்பா இருந்துச்சு, கஸ்டமர் பேரையே வெட்டிட்டு அனுப்பிட்டு இருந்தோம். நம்ம மொழில ஒருத்தர் பேரை புள்ளி இல்லாம அனுப்பறது எனக்கு பொறுக்கவே இல்ல.

காகித_நாடா:

எல்லாரும் எப்படி எடுக்கறது எங்க வைக்கறதுன்னு சொல்லிட்டீங்க, எழுதி வைக்கறதைப் பத்தி யாரும் சொல்லல. எனக்கு அதுதான் பாதி வேலைன்னு படுது.

1949ல கேம்பிரிட்ஜ்ல எட்சாக் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சப்பவே இந்தப் பிரச்சினை வந்துருச்சு. ஒவ்வொருத்தரும் சைன், ஸ்கொயர்ரூட் எல்லாம் தனித்தனியா எழுதினா தப்பு வருதுன்னு வில்க்ஸ், வீலர், கில் மூணு பேரும் சப்ரூட்டீன் லைப்ரரி உண்டாக்கினாங்க. நிஜமாவே லைப்ரரிதான், ஒவ்வொரு சப்ரூட்டீனும் ஓட்டை போட்ட காகித நாடால இருக்கும், தேவைப்பட்டா நாடாவை எடுத்து அதுல இருக்கறதை உங்க நாடால காப்பி எடுத்துட்டு திரும்ப வெச்சுடணும். 1951ல 87 சப்ரூட்டீன் இருந்துச்சு. அந்த டேவிட் வீலர் 1952ல எழுதின ரெண்டு பக்க பேப்பர்ல சொல்றாரு, கோட் எழுதி சோதிச்சு முடிச்சாலும் இன்னொரு வேலை பாக்கி இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒருத்தர் லேசா பயன்படுத்தற மாதிரி விளக்கம் எழுதறது, அதுவே ரொம்பக் கஷ்டமான வேலையா இருக்கலாம்னு.

உங்க ஆள் ஒன்றரை வருஷம் முன்னாடி நல்ல கமிட் மெசேஜ் எழுதினாருன்னு சொன்னீங்க. அந்த மெசேஜை எடுத்து ஃபங்ஷன் தலைல போடுங்க. கமிட்டை தேடிப் போறவங்க யாருமில்ல, ஃபங்ஷன் மேல எடிட்டர்ல மவுஸை வெச்சா விளக்கம் தெரியணும். என்ன கொடுக்கணும், என்ன வரும், தப்பா கொடுத்தா என்ன ஆகும், கூடவே ஒரு உதாரணம். 112.50 கொடுத்தா 113. அந்த உதாரணத்தை டாக்டெஸ்ட்டா (விளக்கத்துக்குள்ளயே எழுதற டெஸ்ட்) எழுதினா பைத்தான் அதையே ஓட்டியும் பாத்துக்கும், விளக்கமும் கோடும் பிரிஞ்சு போகாது.

கோவை_பில்லிங்:

மூணு வாரம் ஆச்சு, நிலைமை சொல்லிடறேன். 63ல 17ஐ யாரும் கூப்பிடல, அழிச்சாச்சு. 14க்கு வெளி லைப்ரரி போட்டாச்சு. 21ஐ அந்தந்த ப்ராஜெக்ட்லயே விட்டுட்டோம், டிஸ்கவுண்ட் உட்பட. லைப்ரரிக்குள்ள வந்தது 11தான்ங்க. எனக்கே நம்ப முடியல, 40 வரும்னு நினைச்சுட்டு இருந்தேன்.

நிதியாண்டு ஃபங்ஷனைத் திறந்து பாத்தோம், மடிப்பாக்கம் சொன்ன அதே கதை, உள்ள கடிகாரம் பாத்துட்டு இருந்துச்சு. இந்த ஏப்ரல் 1க்கு முன்னாடி மாட்டினது நல்லதாப் போச்சு, ரொம்ப நன்றிங்க.

வரி ஃபங்ஷனை அன்னைக்கு சரி பண்ணவரையே உக்கார வெச்சு எழுதச் சொன்னோம். தலைல 170வது பிரிவுன்னு குறிப்பு, கீழ 112.50க்கு 113, 121.50க்கு 122, 112.49க்கு 112ன்னு மூணு உதாரணம், ஃப்ளோட் (தசமத்தைத் தோராயமா வெச்சுக்கற எண் வகை) கொடுத்தா வாங்க மாட்டேன்னு எர்ரர். 1.0.0ன்னு டேக் போட்டு நேத்து ராத்திரி ரிப்போர்ட் ஸ்க்ரிப்ட்டும் அதுலதான் ஓடுச்சு. காலைல பழைய மாச பில்லையெல்லாம் திரும்ப ஓட்டி ஆடிட்டருக்கு அனுப்பிட்டேன், மதியம் டேலி ஆயிடுச்சுன்னு மெசேஜ் போட்டாரு. எஸ்எம்எஸ் வெட்டறதை இந்த வாரம் எடுக்கறோம், எழுத்து_எண்ணி, நீங்க சொன்ன ஃபங்ஷன்ல எழுத்து எண்ணிக்கை வருது, ஆனா 70ங்கற கணக்கு கோட்பாயிண்ட்லதான இருக்கு, ரெண்டையும் சேத்து எப்படி வெட்டறீங்க?

எழுத்து_எண்ணி:

எழுத்து எழுத்தா பிரிச்சுட்டு, ஒவ்வொரு எழுத்தோட நீளத்தையும் கூட்டிக்கிட்டே வாங்க, அடுத்த எழுத்தைச் சேத்தா 70 தாண்டும்னா அங்கயே நிறுத்திடுங்க. எழுத்தை உடைக்காம எடுக்கணும், அவ்வளவுதான். வணக்கம் ஆறுல வணக்கமன்னு வராது, வணக்கன்னு அஞ்சுல நிக்கும். அதையே டாக்டெஸ்ட்ல முதல் உதாரணமா போட்டுடுங்க.